தூணில் நின்ற லீக்ஸ்

வில்ஃப் ஹெஸ்லப் வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணில் படுவதெல்லாம் இரண்டாம் பரிசு. கூடத்து மேசை விளக்கு இரண்டாம் பரிசு. சோபாவின் மேல் மடித்துப் போட்டிருக்கும் கம்பளி இரண்டாம் பரிசு. டீ ஊற்றும் கெண்டி, அதைச் சுமந்து வரும் தட்டு, மாடிப்படிக்கு மேலே தொங்கிக்கொண்டு ஒருநாளும் சரியான மணி காட்டாத கடிகாரம், எல்லாம் எங்கள் ஹாக்ஸ்டெல் தொழிலாளர் கிளப்பில் செப்டம்பர்தோறும் நடக்கும் லீக்ஸ் போட்டியில் அவர் வாங்கி வந்தவை. முதல் பரிசுக் கோப்பை மட்டும் அந்த வீட்டு வாசல் ஏறியதில்லை.

"நான் இவருக்கு ரெண்டாந்தாரம்தான்" என்பாள் அவர் மனைவி தெல்மா. "மூத்தவ தோட்டத்துல இருக்கா."

லீக்ஸ் என்றால் வெங்காயத்தாளுக்கு அண்ணன் முறை. கடையில் வாங்குவது கைவிரல் கனம் இருக்கும். எங்கள் பக்கத்து ஆண்கள் போட்டிக்கு வளர்ப்பது குட்டையாக, பிறந்த குழந்தையின் உடம்பு பருமனுக்கு வரும். ஒன்று மட்டும் பெருத்தால் போதாது. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு ஜோடி வேண்டும். அதற்காக வருடம் முழுவதும் உயிரை விடுவார்கள்.

வில்ஃப் டர்ஹம் பக்கம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல ஓட்டுநர். ஒரே ஒரு பழக்கம். வழியில் குதிரைச் சாணம் கண்டால் பஸ்ஸை ஓரங்கட்டி, இருக்கைக்கு அடியிலிருந்து வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர்கள், எல்லாரும் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை ஒரு பாதிரியார் கேட்டே விட்டார். "வில்ஃப், இது பஸ்ஸா, குப்பை வண்டியா?" "ரெண்டும்தான் ஃபாதர். மூக்கை மூடிக்கிட்டா பஸ்."

அவர் லீக்ஸுக்கு ஊற்றும் கஷாயத்தில் என்ன கலக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் என்றைக்கு ஊற்றுகிறார் என்று தெரு முழுவதற்கும் தெரியும். அடுத்த வீடு என்னுடையது. அன்று நான் துணி உலர்த்துவதில்லை.

ஆலயத்துக்கு ஞாயிறு தவறாமல் வருவார். மௌன ஜெபத்தின்போது கண்களை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். எங்கள் போதகருக்கு அவர் பக்தியைக் கண்டு பெரிய மதிப்பு. பக்கத்தில் உட்கார்ந்த என் காதில் விழுந்தது இதுதான்: "கனமழை வேணாம் ஆண்டவரே. வெடிச்சிடும். லேசாத் தூறினாப் போதும்." அதற்கு என்ன, மனசில் இருப்பதைத்தானே கேட்க முடியும். நானும் சில நாள் அவருக்காகச் சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது தெல்மாவின் முழங்கால்கள் கெட்டுப்போயின. குளியலறை மாடியில். ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள், இறங்கும்போது குழந்தை மாதிரி உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். கீழேயே வீட்டுக்குப் பின்னால் ஒரு குளியலறை கட்டுவது என்று முடிவாயிற்று. பின்னால் இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. லீக்ஸ் பாத்தி.

வில்ஃப் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னார்.

"அவ முட்டிதான் முக்கியம், கண்ணு. கொத்தனார் அக்டோபர்ல வர்றான். செப்டம்பர் போட்டிதான் எனக்குக் கடைசி. இந்த வருஷம் முதல் பரிசு வாங்கினா வாங்கினேன். இல்லேன்னா அவ்வளவுதான்."

அந்த வருடம் பாத்தியின் நடுவில் நின்ற ஜோடியைப் பார்த்தவர்களுக்கு மூச்சு நின்றுவிடும். அப்படி ஒரு வெள்ளை, அப்படி ஒரு திரட்சி. வருடா வருடம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும் கத்பர்ட் ரெய்ன் கூட, தற்செயலாகப் போகிறவர் மாதிரி எங்கள் தெருவில் மூன்று தடவை நடந்து போனார்.

ஆனால் கட்டட அனுமதி கொடுத்த நகரசபை ஒரு நிபந்தனை வைத்திருந்தது. எங்கள் வீடுகளின் பின்பக்கம் வழியாகப் பழைய ரோமர் சாலை போகிறதாம். அடித்தளம் போடுவதற்கு முன் தொல்லியல்காரர்கள் தோண்டிப் பார்க்க வேண்டும். அவர்களும் அக்டோபரில் வருவதாகத்தான் பேச்சு. வேறொரு ஊரில் வேலை தள்ளிப்போனதால் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வந்து கதவைத் தட்டினார்கள்.

இரண்டு பேர். இமோஜென் என்ற பெண்தான் தலைமை. ஒல்லியாக, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டையுடன் இருந்தாள். உடன் வந்தவர் ரூபர்ட், நடு வயது, தாடி. இமோஜென் தோட்டத்தைச் சுற்றி வந்து நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினாள். கயிற்றுக்குள் பாத்தி முழுசாக விழுந்தது.

"மிஸ்டர் ஹெஸ்லப், இந்தச் செடிகளை இன்னிக்கே எடுத்துடுறீங்களா?"

வில்ஃப் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னை முதல்ல எடுத்துடு கண்ணு. அப்புறம் அதுங்களை எடு."

சமையலறை ஜன்னலிலிருந்து தெல்மாவின் குரல் வந்தது. "தோண்டும்மா நீ! வேணும்னா அவரையும் சேர்த்துத் தோண்டு!"

இமோஜென் நல்ல பெண். மண்டியிட்டு அந்த ஜோடியைக் கிட்டத்தில் பார்த்தாள். வில்ஃப் சொல்வதையெல்லாம் கேட்டாள். போட்டி எப்போது, பிடுங்கி மறுபடி நட்டால் ஏன் ஆகாது, ஏன் இது கடைசி. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. இரண்டாவது டீயின்போது ரூபர்ட்தான் வழி சொன்னார்.

"நடுவுல ஒரு துண்டு விட்டுடலாமே. சுத்தித் தோண்டுவோம். அந்தத் துண்டைப் போட்டி முடிஞ்சதும் வந்து எடுத்துக்குவோம்."

"செய்யலாம்" என்றாள் இமோஜென். "ஆனா மிஸ்டர் ஹெஸ்லப், அந்த ஜோடிக்கு மட்டும்தான் இடம். மத்ததெல்லாம் போகணும்."

வில்ஃப் மற்ற லீக்ஸை எல்லாம் தம் கையால் எடுத்துத் தெருவுக்குக் கொடுத்தார். அந்த வாரம் எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் லீக்ஸ் சூப் மணம்.

தோண்டத் தொடங்கினார்கள். மண்வெட்டியால் கொஞ்சம், கொத்துக்கரண்டியால் மிச்சம். மண்ணை வாளியில் அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். வில்ஃப் வாளிமேல் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார். அவருக்கு அந்தச் சல்லடைமேல் ஒரு கண்.

"கேக் மாவு மாதிரில்ல வருது! ரூபர்ட், இதைத் தூக்கி வீசிடாதேப்பா. இந்த மண்ணுக்கு ஊட்டின ஊட்டம் எங்க பிள்ளைங்களுக்குக்கூட ஊட்டினதில்ல."

முதலில் வந்தவை உடைந்த புகைக் குழாய்த் துண்டுகள், கோலி, ஒரு பொம்மையின் கை. இடுப்பளவு ஆழம் போனதும் கரண்டி 'டங்' என்றது. தட்டைக் கற்கள். ஒன்றோடொன்று நெருக்கி, பல் வரிசை மாதிரி பதித்திருந்தார்கள். இமோஜென் தூரிகையால் துடைத்தாள், துடைத்தாள், பிறகு அப்படியே குப்புறப் படுத்துக் கன்னத்தைக் கல்லில் வைத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு, மயக்கமா?" என்று பதறினார் வில்ஃப்.

"இல்ல மிஸ்டர் ஹெஸ்லப். ரோடு! கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரோடு. சக்கரம் ஓடித் தேஞ்ச தடம்கூட இருக்கு பாருங்க."

வில்ஃப் குனிந்து பார்த்தார். "வாழ்க்கை முழுக்க ரோட்டுல கிடந்தேன். வீட்டுக்கு வந்தா தோட்டத்துக்கு அடியிலயும் ரோடா?" அந்தத் தடத்தை விரலால் தடவினார். "இதுல குதிரைங்க போயிருக்குமா?"

"ஏராளமா."

"அதான் நல்லா வளருது."

ஒரு வாரத்தில் தோட்டம் பார்க்க விசித்திரமாக ஆகிவிட்டது. சுற்றிலும் செவ்வகப் பள்ளம். அடியில் ரோமர் சாலை. நடுவில் தொட்டில் அகலத்துக்கு ஒரு மண்தூண். அதன் தலையில் இரண்டு லீக்ஸ், மகுடம் வைத்த ராஜாவும் ராணியும் மாதிரி. வெயில் அடித்தால் வில்ஃப் தூணுக்குக் குடை பிடிப்பார். தண்ணீர் ஊற்றுவதற்குப் பள்ளத்தின் குறுக்கே பலகை போட்டுக்கொண்டார்.

தூணின் பக்கவாட்டைச் சீவிச் சுத்தம் செய்துகொண்டிருந்த ரூபர்ட் ஒருநாள் பிற்பகல் சட்டென்று கையை நிறுத்தினார்.

"இமோஜென். இங்க வா. மெதுவா வா."

மண்ணுக்குள்ளே, செடிகளுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஓர் உலோக விளிம்பு வளைந்து போயிற்று. நீளம் கிட்டத்தட்ட ஓர் ஆள் மடங்கிப் படுக்கும் அளவு. இமோஜெனின் முகம் வெளுத்தது. ரோமர்கள் இறந்தவர்களைச் சாலையோரம்தான் புதைப்பார்களாம். பணக்காரர்கள் என்றால் ஈயத்தில் பெட்டி செய்வார்களாம். அவள் போய்த் தோட்டக் கதவைச் சாத்தினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என்னிடம் மறைக்க வழியில்லை என்பதால் உள்ளேயே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். நான் தலை குனிந்து, யாரோ எவரோ, அந்த ஆத்துமா சமாதானத்தில் இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன். ஆமென் சொல்லி முடித்ததும் வில்ஃப் மெல்லிய குரலில் கேட்டார்.

"கண்ணு, இவரை இன்னும் பத்து நாள் எழுப்பாம விட்டுடலாமா? இத்தனை நாள் படுத்திருந்தவர். அவருக்கு ஒண்ணும் அவசரம் இருக்காதே."

"மிஸ்டர் ஹெஸ்லப், இது பெரிய விஷயம். இது மட்டும் ஈயமா இருந்தா..."

"இதோ ஒரு கைப்பிடி இருக்கு" என்றார் ரூபர்ட். "ரோமர் பெட்டில இந்த மாதிரி நான் பாத்ததில்ல."

அதற்குள் தெல்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்கதவுப் படி வரை வந்துவிட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கைப்பிடியைக் கொஞ்சம் துடைப்பா. கம்பி சுத்தியிருக்கா பாரு."

துடைத்தார். சுற்றியிருந்தது.

"அந்தக் கம்பி எங்க மாமியார் சுத்தினது. அது எங்க மாமனார் சுரங்கத்துலேர்ந்து வந்து குளிக்கிற தகரத் தொட்டி. நான் கல்யாணமாகி வந்தப்ப முற்றத்துல ஆணியில மாட்டியிருந்துச்சு. மேல குளியலறை வந்ததும் காணாமப்போச்சு. திருடன்தான் கொண்டுபோனான்னு அந்தம்மா சாகுற வரைக்கும் பக்கத்துத் தெருக்காரனைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க."

இமோஜென் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கின. சிரிப்பு.

ஆனால் தெல்மா சிரிக்கவில்லை. கைத்தடியை வில்ஃபுக்கு நேராக நீட்டினாள். "கீழே ஒரு குளியல் தொட்டி வேணும், கீழே ஒரு குளியல் தொட்டி வேணும்னு எத்தனை வருஷமாத் தொண்டை வறளக் கேட்டேன்! இருந்திருக்கே! கீழேதான் இருந்திருக்கு! உன் லீக்ஸு சொகுசா உக்காந்து குளிச்சிக்கிட்டு இருந்திருக்கு!"

"எனக்குத் தெரியாது தெல்மா. சத்தியமாத் தெரியாது. நல்ல ஜோடியை நடுவுல வைடா, ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு மேல தோண்டாதேன்னு எங்கப்பா சொன்னார். நான் தோண்டல. அவர்தான் புதைச்சு வச்சிருக்கார் போல."

சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார். முகம் மாறிவிட்டது. கிளப் விதிகளில் முதல் விதி அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. தரையில் வளர்ந்த லீக்ஸ்தான் செல்லும். தொட்டி, பானை, வாளி, பீப்பாய் எதில் வளர்த்திருந்தாலும் செல்லாது.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று மறுநாள் காலை தெல்மா சொன்னாள். வில்ஃப் வாளிமேல் உட்கார்ந்திருந்தார். ரூபர்ட் அவர் தோளைத் தட்டிக் கொடுத்து, "நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்" என்றார். வில்ஃப் என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு கண்ணு. இது தொட்டியா, தரையா?"

எனக்கு என்ன தெரியும். "தெரியலையே வில்ஃப். ஆனா உனக்கு உறுத்துதுன்னா, உறுத்துறது போகாது" என்றேன்.

தெல்மா ஜன்னலிலிருந்து சொன்னாள். "சொல்லாம ஜெயிச்சிட்டு வா. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா அந்தக் கோப்பையை வாராவாரம் துடைக்கப் போறது நான்தான். துடைக்கிறப்பல்லாம் உங்கப்பா முதுகைத் தேய்க்கிற மாதிரி இருக்கும்."

வில்ஃப் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

போட்டிக்கு முந்தின கமிட்டிக் கூட்டத்துக்கு நான்தான் கிளப் சமையலறையில் டீ போட்டேன். கதவு திறந்துதான் இருந்தது. நீண்ட மேசையின் தலைமாட்டில் செயலாளர் ஆல்ஃபி டாட்ஸ். எதிரே கத்பர்ட் ரெய்ன், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு. கூட்டம் என்றால் அவர் கழுத்துப்பட்டை இல்லாமல் வரமாட்டார். வில்ஃப் எழுந்து நின்றார்.

"என் லீக்ஸுக்கு அடியில ஒரு குளியல் தொட்டி இருக்கு."

யாரோ கேட்டார்கள். "சுடுதண்ணியா, பச்சைத்தண்ணியா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கத்பர்ட் மட்டும் மேசையைத் தட்டினார். "எனக்குத் தெரியும்டா! இத்தனை வருஷமா நீ என்னமோ தில்லுமுல்லு பண்றேன்னு எனக்குத் தெரியும்!"

"இத்தனை வருஷமா நீதானேடா ஜெயிச்சே!"

"அதைத்தான் நானும் கேக்குறேன். தொட்டியில வச்சும் உன்னால என்னை ஜெயிக்க முடியலையா?"

இமோஜெனையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் தன் வேலைக்குரிய நிதானத்துடன் சொன்னாள். தொட்டியின் பக்கங்கள் இருக்கின்றன. அடி இருக்கிறதா, துருப்பிடித்துப் போய்விட்டதா என்று தெரியாது. தூணைப் பிரிக்காமல் பார்க்க முடியாது. அடி போயிருந்தால் அந்தச் செடிகளின் வேர் நேரே தரைக்குள்தான் இருக்கும்.

இதைக் கேட்டதும் கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. அடி இல்லாவிட்டால் அது தொட்டியே இல்லை என்றது ஒரு கட்சி.

"அடி இல்லாத வாளியை வாளின்னா சொல்லுவே?" என்றார் ஆல்ஃபி.

"எங்க மாமனார் வீட்டுல ஒண்ணு இருக்கு. வாளின்னுதான் சொல்றோம்."

"அதுல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டோம். அடிதான் இல்லையே."

ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று. கடைசியில் கத்பர்ட் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். யாரும் வேறு லீக்ஸை மாற்றி வைக்காமல் இருக்க முந்தின நாள் முத்திரை குத்தப் போகும்போது, கமிட்டி தூணின் தலையில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் கீழே வெளியே வந்தால் அது தரை. உள்ளேயே நின்றால் தொட்டி.

"ஐயோ, ஊத்தாதீங்க!" என்றாள் இமோஜென். "நாலு பக்கமும் வெட்டி நிக்கிற மண்ணு. அவ்வளவு தண்ணி தாங்காது."

ஆல்ஃபி அவளை வருத்தத்துடன் பார்த்தார். "கண்ணு, நீ சொல்றது எங்க எல்லாருக்கும் புரியுது. ஆனா முன்மொழிஞ்சாச்சு. வழிமொழிஞ்சாச்சு."

எங்கள் கிளப்பில் வழிமொழிந்து முடித்த தீர்மானத்தைத் திரும்பப் பெற வழியே கிடையாது. ஓட்டெடுத்தார்கள். தண்ணீர் ஊற்றக்கூடாது என்று மனசுக்குள் நினைத்தவர்களும் கையைத் தூக்கினார்கள். மண் தாங்காது என்று நன்றாகத் தெரிந்த வில்ஃபே கையைத் தூக்கினார். எதிராகக் கை தூக்கினால் ஒளிக்கிறான் என்று ஆகிவிடுமே.

போட்டிக்கு முந்தின நாள் காலை கமிட்டி வரிசையாக எங்கள் தெருவுக்குள் வந்தது. ஆல்ஃபியின் கையில் முத்திரைக் கட்டை. கத்பர்ட் கோட்டும் சூட்டும், முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புக் காலணியும். அன்று சாயங்காலம் எப்படியும் லீக்ஸைப் பிடுங்க வேண்டியதுதான். அந்த அரை நாளுக்கு அது தரையில் நிற்கிறதா, தொட்டியில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. இமோஜெனும் ரூபர்ட்டும் சாலைக் கற்களின்மேல் தார்ப்பாய் விரித்துவிட்டு ஓரமாக நின்றார்கள். தெல்மா படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வாளி. பஞ்சில் ஊற்றினாற்போல் மண் குடித்தது. எல்லாரும் குனிந்து தூணின் அடியைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"தொட்டி" என்றார் கத்பர்ட்.

"இன்னும் மூணு வாளி இருக்கு" என்றார் ஆல்ஃபி.

இரண்டாவது. மூன்றாவது. வில்ஃபின் உதடு அசைந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை மழையைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான்காவது வாளி ஊற்றியதும் ஒரு சத்தம் கேட்டது. வயிறு நிறையச் சாப்பிட்டவர் பெருமூச்சு விடுகிற மாதிரி. கண்ணைத் திறந்தால் தூண் நடுவில் பிளந்துகொண்டிருந்தது. அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்தது. பாதித் தூண் வில்ஃப் பக்கம் சாய்ந்தது, பாதி அந்தப் பக்கம். வில்ஃப் பலகைமேல் பாய்ந்து ஒரு லீக்ஸை மார்போடு கட்டிக்கொண்டார். மற்றது அந்தப் பக்கமாகப் பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே கல். விழுந்தால் நசுங்கிவிடும்.

கத்பர்ட் குதித்தார்.

யோசித்துக் குதிக்கவில்லை. அந்த வயதில் யோசித்தால் யாரும் குதிக்க மாட்டார்கள். கோட்டும் சூட்டும் காலணியுமாகப் பள்ளத்துக்குள் இறங்கி, சறுக்கி, ரோமர் சாலையில் 'பொத்' என்று உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, வருகிற லீக்ஸை மடியில் வாங்கிக்கொண்டார். பின்னாலேயே வந்த சேறு அவரை மார்பு வரை மூடியது. லீக்ஸை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"அடிபட்டுச்சா?" என்று கத்தினார் வில்ஃப்.

"இடுப்புல லேசா..."

"உன்னைக் கேக்கலடா! லீக்ஸ்!"

கத்பர்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேரைப் பார்த்தார். தாளை எண்ணினார். "ஒரு கீறல் இல்ல" என்றார். பிறகுதான் தாம் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. அந்த முகத்தை நான் மறக்கவே முடியாது. "ஐயய்யோ" என்றார்.

பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஆல்ஃபி தீர்ப்புச் சொன்னார். "தண்ணி வெளிய வந்துடுச்சு. எல்லாரும் பாத்தோம். தரைதான். கத்பர்ட், அசையாம இரு." கீழே இறங்கி, கத்பர்ட் கையிலிருந்த லீக்ஸின் தாளிலேயே முத்திரையைக் குத்தினார்.

பிறகு ரூபர்ட் சேற்றைத் துழாவித் தொட்டியின் அடியைத் தேடினார். டீயில் நனைத்த பிஸ்கட் போல ஒரு துண்டு கையில் வந்தது, வந்ததும் உதிர்ந்தது. அடி எப்போதோ போய்விட்டிருந்தது. இமோஜெனுக்கு அதில் கொஞ்சமும் அக்கறை இல்லை. "எந்திரிங்க மிஸ்டர் ரெய்ன்! என் ரோட்டுமேல உக்காந்திருக்கீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கிளப்பில் நிற்க இடமில்லை. வேற்றூரிலிருந்து வந்த நடுவர் அளவுகோலும் நாடாவுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அளந்தார். தெல்மாவை நாங்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் வைத்தோம். இமோஜென் தலை சீவிக்கொண்டு வந்திருந்தாள். ஆல்ஃபி மேடையேறி மூன்றாம் பரிசை அறிவித்தார்.

"இரண்டாம் பரிசு..."

வில்ஃப் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். பழக்கம். பாதி தூரம் போயிருப்பார், கத்பர்ட் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உக்காருடா. அது நானு."

"என்னது?"

"ரெண்டாவது நான்டா! உக்காரு!"

வில்ஃப் உட்காரவில்லை. உட்கார வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை. தெல்மாவின் நாற்காலிக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஆல்ஃபி அவர் பெயரை இரண்டு தடவை சொன்னார். கூட்டம் மேசையைத் தட்டிய தட்டில் கிளாஸ்கள் ஆடின. தெல்மாதான் கடைசியில் கைத்தடியால் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். "போ, மூத்தவளைக் கூட்டிக்கிட்டு வா."

மேடையில் அவரைப் பேசச் சொன்னார்கள். தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்து கத்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ விட்டிருக்கலாம்டா."

"விட்டிருக்கணும்" என்றார் கத்பர்ட். "ராத்திரி முழுக்க அதைத்தான் நினைச்சேன். கை கேக்கல. லீக்ஸ் விழுதுன்னா கை தானாப் போகுது. எம் பொண்டாட்டி போன வாரம் மாடிப்படில வழுக்கினா. அதுக்குக்கூட நான் இவ்வளவு வேகமாப் போகல."

அடுத்த நாள் ஞாயிறு. அந்த ஜோடியைக் கழுவித் துடைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்து, விளைச்சலுக்கு நன்றி செலுத்தும் ஆராதனையில் திருவிருந்து மேசைக்கு அருகில் வைத்தோம். ரொட்டிக்கும் ஆப்பிளுக்கும் நடுவில் கம்பீரமாக இருந்தன. போதகர் மௌன ஜெபத்துக்கு அழைத்தபோது வில்ஃபின் உதடு அசையவில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவர் போலச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

மதியம் கிளப்பில் வழக்கம்போலப் போட்டி லீக்ஸ் எல்லாவற்றையும் வெட்டிப் பெரிய அண்டாவில் சூப் வைத்தோம். வில்ஃபின் ஜோடியை நான்தான் வெட்டினேன். அவர் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டார். கிண்ணத்தில் ஊற்றி நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"எப்படிக் கண்ணு சாப்பிடுறது? வளர்த்த கை."

பின்னாலிருந்து கத்பர்ட் ரெய்ன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். வில்ஃபுக்கு வைத்திருந்த கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இங்க கொண்டா. இடுப்பை ஒடிச்சது நான். குடிக்கிறதாவது நான் குடிக்கிறேன்."

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். வில்ஃப் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிடா இருக்கு?"

"உப்பு கம்மி" என்றார் கத்பர்ட். கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.